மூன்று நாள், மூன்று கடற்கரை: பழைய தேவாலயங்களைப் பார்க்க எங்கே போவது?

கோவையில் இருக்கும் என் அக்கா பள்ளி ஆசிரியை. காலாண்டு விடுமுறையில் மூன்று நாள் ஒதுக்க முடியும், கடலோரத்தில் வெள்ளைக்காரர் காலத்துக் கோயில்களாகப் பார்த்துவிட்டு வர வேண்டும், எங்கே போகலாம் என்று போனில் கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கேட்டவள் ஒருத்தி, போகிறவர்கள் மூன்று பேர். அக்காவுக்குக் கோயில் என்றால் ஒரு மெழுகுவத்தி ஏற்றி, முழங்காலிட்டு, ஐந்து நிமிடம் கண்ணை மூட இடம் வேண்டும். அத்தானுக்கு மூட்டுத் தேய்மானம். படிக்கட்டைக் கண்டால் கீழேயே டீக்கடை தேடுவார், கல்வெட்டைக் கண்டால் மட்டும் வலி மறந்துபோகும். அவர்கள் மகள் கட்டடக்கலை முதலாண்டு படிக்கிறாள். ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் இரண்டு மணி நேரம் வரைந்துகொண்டே இருப்பாள்.

வெள்ளைக்காரர் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். நம் கடற்கரையில் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், டேனிஷ்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று ஐந்து வகையினர் வந்து இறங்கினார்கள். ஒருவர் கட்டியதை மற்றவர் இடித்தார். ஒருவர் கோயிலில் இன்னொருவர் வெடிமருந்தை அடுக்கினார். அதனால் பழவேற்காட்டிலிருந்து குமரி வரை எங்கே இறங்கினாலும் ஏதாவது ஒன்று கண்ணில் படும். மூன்று நாளுக்குள் அடங்கக்கூடியவை என்று பார்த்தால் மூன்றுதான் தேறும்: சென்னை, புதுச்சேரியும் தரங்கம்பாடியும், தூத்துக்குடியும் மணப்பாடும். கொச்சி கோவைக்குப் பக்கம்தான். ஆனால் வாஸ்கோடகாமாவை முதலில் புதைத்த ஆலயத்தை அவர்கள் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்தாயிற்று.

இந்த மூன்றையும் வெவ்வேறு வருடங்களில், வெவ்வேறு காரணங்களுக்காகச் சுற்றியவன் என்ற முறையில் எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. பழைய கோயில் ஒன்றை அது நின்ற ஊரோடு சேர்த்துப் பார்த்தால்தான் எனக்குப் புரிகிறது. அதைக் கட்டியவன் எந்தத் துறைமுகத்தில் இறங்கினான், அவனுடைய கோட்டை எவ்வளவு தூரம், அந்தப் பீடத்துக்கு முன்னால் யார் உட்கார்ந்தார்கள், யாரை உட்கார விடவில்லை என்பதெல்லாம் அந்தத் தெருவில் நின்றால்தான் தெரிகிறது. இந்த அளவுகோலை வைத்துத்தான் அக்காவுக்குப் பதில் தேடினேன்.

சென்னை: கற்கள் நிறைய, கடலைக் காணோம்

எண்ணிக்கையில் சென்னையை எதுவும் வெல்லாது. மயிலாப்பூர் லஸ் கோயிலின் கல்வெட்டில் 1516 என்ற ஆண்டு இருக்கிறது. அந்த ஆண்டைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் வாதம் உண்டு என்றாலும், நகரத்தின் மிகப் பழைய தேவாலயங்களில் அது ஒன்று என்பதில் ஐயமில்லை. ஊர்க்காரர்கள் அதைக் காட்டுக் கோயில் என்பார்கள். இன்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைக்காது, பெயர் மட்டும் காடாக நிற்கிறது. சாந்தோமில் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டியது இப்போது இல்லை. நாம் பார்க்கிற வெள்ளைக் கோபுரம் 1896இல் முடிந்த கோதிக் பாணிக் கட்டடம். இருந்தாலும் கீழே புனித தோமையாரின் கல்லறைச் சிற்றாலயம் இருக்கிறது. அக்காவுக்கு வேண்டிய அமைதி அங்கே நிச்சயம் கிடைக்கும்.

பரங்கிமலை பெயரிலேயே பரங்கியை வைத்திருக்கிறது. உச்சியில் உள்ள ஆலயம் 1523இல் தோன்றியது. பீடத்தில் பதித்திருக்கும் கற்சிலுவையைச் சுற்றி ஓடுகிற எழுத்து பாரசீகத்துப் பகலவி. போர்த்துக்கீசியருக்கு முன்பே இந்தக் கடற்கரைக்கு வந்துபோன கிறித்தவர்களின் தடம் அது. மலைப் படிக்கட்டைக் கட்டிக் கொடுத்தவர் பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். அத்தானுக்காகச் சொல்கிறேன், பின்பக்கம் வண்டி போகிற சாலையும் உண்டு. அதே ஆர்மீனியர்களின் 1772ஆம் ஆண்டுக் கோயில் பாரிமுனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது இருக்கும் ஆர்மீனியன் தெருவைத் தமிழ் நாக்கு அரண்மனைக்காரன் தெரு என்று மாற்றி வைத்திருக்கிறது. அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை.

ஆனால் சென்னைக்கு ஒருவர் இதற்காகவே வரலாம் என்றால், அது புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம்தான். 1678இல் தொடங்கி 1680 அக்டோபரில் அர்ச்சிக்கப்பட்டது. சூயஸுக்குக் கிழக்கே நிற்கிற ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை ஆலயங்களில் மிகப் பழையது. கூரையில் மரம் கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வளைத்து எழுப்பிய கனமான கூரை, நான்கு அடி பருமனுள்ள சுவர். மேலே குண்டு விழுந்தாலும் உள்ளே இருப்பவன் பிழைக்க வேண்டும் என்று போட்ட கணக்கு அது. கட்டடம் முடிந்தவுடன் உள்ளே நடந்த முதல் திருமணம் எலிஹு யேலுடையது. பின்னாளில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் பெயராகிப்போன அதே யேல். 1753இல் ராபர்ட் கிளைவும் இங்கேதான் மணம் முடித்தார். கறுப்புக் கல்லில் செய்த ஞானஸ்நானத் தொட்டியில் 1689இல், கொல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவிய ஜாப் சார்னக்கின் மூன்று பெண்களுக்குப் பெயரிட்டார்கள். கொல்கத்தாவில் இருக்கும் சார்னக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல் போனது. அதை ஆராய்ந்தவர்கள் நம் பல்லாவரத்துக் கல் வகைக்கே சார்னகைட் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எனக்கு அங்கே பிடித்த இடம் உள்ளே இல்லை, வெளித்தரையில் இருக்கிறது. ஆலயத்தைச் சுற்றிக் கால் வைக்கும் இடமெல்லாம் கல்லறைக் கற்கள். அவை அங்கே புதைத்தவர்களுடையவை அல்ல. கோட்டைக்கு வெளியே இருந்த பழைய கல்லறைத் தோட்டம், 1758-59 முற்றுகையின்போது பிரெஞ்சுப் படைக்கு நல்ல மறைவிடமாகிவிட்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகு கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே பரப்பிவிட்டார்கள். அவற்றுள் ஒன்று 1652ஆம் ஆண்டைச் சேர்ந்தது, எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணுடையது. நான் ஒரு நண்பகலில் குந்தி உட்கார்ந்து இலத்தீன் எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். கல் சுட்டது. குழிந்த எழுத்துகளுக்குள் வேப்பம்பூ காய்ந்து கிடந்தது. தலைமைச் செயலக ஊழியர்கள் இருவர் சாப்பாட்டுத் தூக்கோடு அகவிலைப்படி பற்றிப் பேசியபடி அந்தக் கற்களின் மேலே நடந்து போனார்கள்.

குறை என்ன? கோட்டைக்குள் போக அடையாள அட்டை வேண்டும், சோதனை உண்டு, சட்டமன்றம் நடக்கிற நாட்களில் கெடுபிடி இன்னும் அதிகம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய குறை வேறு. அலையோசை கேட்கும் தூரத்தில் கட்டிய கோட்டை அது. இன்று ஆலய வாசலில் நின்றால் கடல் தெரியாது. துறைமுகமும் சாலையும் மண்மேடும் சேர்ந்து அதைத் தள்ளிக்கொண்டுபோய்விட்டன. லஸிலிருந்து எழும்பூருக்கு, எழும்பூரிலிருந்து பரங்கிமலைக்கு என்று ஒவ்வொரு கோயிலுக்கும் நடுவே முக்கால் மணி நேரப் போக்குவரத்து. எழும்பூரில் ஸ்காட்லாந்துக்காரர்கள் 1821இல் கட்டிய புனித ஆண்ட்ரூ ஆலயத்தின் நீல விதானத்து நட்சத்திரங்களையும், சதுப்பு நிலத்தில் கிணறுகள் இறக்கி அவற்றின் மேல் அந்த வட்டக் கட்டடத்தை எழுப்பிய வித்தையையும் அக்கா மகள் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அதை ஆட்டோவில் வியர்த்துக்கொண்டு போய்ப் பார்ப்பதற்கும், ஓய்வாக உட்கார்ந்து வரைவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சென்னையை அங்கேயே இருக்கிறவர்கள் வாரம் ஒன்றாகப் பார்க்கலாம். வெளியூர்க்காரர் மூன்றே நாளில் பார்த்தால் கோயில்களைவிடச் சிக்னல்கள்தான் நினைவில் நிற்கும்.

புதுச்சேரியைப் பற்றிச் சுருக்கமாக

புதுச்சேரியில் சாப்பாடு நன்றாக இருக்கும், அறைகள் கிடைக்கும், மூன்று பெரிய கோயில்களும் எளிதில் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் பிரெஞ்சு ஊர் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1761இல் ஆங்கிலேயர் அந்த ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். அதனால் இன்று நிற்கும் கோயில்கள் எல்லாம் அதற்குப் பிந்தியவை. மிஷன் வீதியில் உள்ள அமலோற்பவ மாதா பேராலயம் 1791ஆம் ஆண்டுக் கட்டடம். கடற்கரையை ஒட்டிய தூமா வீதியில் உள்ள சம்மனசுகளின் மாதா ஆலயம் 1855. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள இருதய ஆண்டவர் பேராலயம் 1907. கண்ணாடி ஓவியத்தில் வெயில் விழுவதைப் பார்க்க வேண்டுமானால் இந்த மூன்றாவதுதான். முட்டையின் வெண்கருவைச் சேர்த்து இழைத்ததாகச் சொல்லப்படும் வழவழப்பான சுண்ணச் சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் இரண்டாவது.

மிஷன் வீதிக் கோயிலை ஊர்க்காரர்கள் சம்பா கோயில் என்கிறார்கள். புனித பவுலின் பெயரில் வழங்கிய யேசு சபைக் கோயில், நம் வாயில் நுழைந்து சம்பாவாக வெளியே வந்தது. அதற்குப் பக்கத்தில் வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. 1748இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே காலத்தில் அது இடிக்கப்பட்டது. அவருடைய துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் அந்த நாட்களை வேதனையோடு எழுதி வைத்திருக்கிறார். சம்பா கோயில் முற்றத்தில் படம் எடுத்துக்கொள்கிறவர்களில் இதைத் தெரிந்தவர்கள் அபூர்வம். ஊரே படம் எடுப்பதற்காகச் சுண்ணாம்படித்து நிற்பதுபோல ஆகிவிட்டது, அது என் தனிப்பட்ட ஆதங்கம். புதுச்சேரி ஒரு மாலைக்குப் போதும். அது ஒரு வழித்தங்கல்.

தரங்கம்பாடி: ஒரே தெருவில் இரண்டு கோயில்

தரங்கம்பாடிக்குக் கோவையிலிருந்து போவது நினைப்பதைவிட எளிது. மயிலாடுதுறை ஜன் சதாப்தியில் காலையில் ஏறினால் மதியத்துக்குள் இறங்கிவிடலாம். அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் பஸ் பயணம். பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்தால் 1792 என்று நெற்றியில் எழுதிய வெள்ளை நுழைவாயில். அதைத் தாண்டினால் நேரே ஒரு தெரு, தெருவின் முடிவில் கடல்.

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர் இங்கே கோட்டை கட்டினார்கள். டான்ஸ்போர்க் என்ற அந்தக் கோட்டை இன்னும் நிற்கிறது. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை ஊர் அவர்களுடையது. அந்தத் தெருவில்தான் சீயோன் ஆலயமும் புதிய எருசலேம் ஆலயமும் இருக்கின்றன. முன்னது 1701, பின்னது 1718. இவ்வளவு சின்ன ஊரில், நடந்து போகிற தூரத்துக்குள், ஏன் இரண்டு?

சீயோன் கோட்டையில் வேலை பார்த்த டேனிஷ்காரர்களுக்கு. 1706 ஜூலையில் பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்றி புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மானிய மதபோதகர்கள் கப்பலில் வந்து இறங்கி, தமிழருக்கு நற்செய்தி சொல்ல வந்திருக்கிறோம் என்றபோது கோட்டைத் தளபதிக்கு அது சற்றும் பிடிக்கவில்லை. வணிகத்துக்கு இடைஞ்சல் என்பது அவர் எண்ணம். முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேர் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களைச் சீயோனின் இருக்கைகளில் எங்கே உட்கார வைப்பது? அதனால் 1707இல் தனியாக ஒரு சிறிய ஆலயம் எழுந்தது. அடுத்த ஆண்டு சீகன்பால்கையே தளபதி பிடித்து நான்கு மாதம் கோட்டைச் சிறையில் போட்டார். அந்த முதல் ஆலயம் இன்று இல்லை. அதற்குப் பதிலாக எழுந்ததுதான் புதிய எருசலேம். அதன் முகப்பில் டேனிஷ் மன்னரின் முடிச்சின்னமும் ஆண்டும் பெரிதாக இருக்கும். சிறையில் போட்ட அதே அரசின் சின்னம் அது.

உள்ளே பீடத்துக்கு அருகில் சீகன்பால்கின் கல்லறை. 1719இல் இறந்தபோது அவருக்கு வயது 36. அதற்குள் தமிழைக் கற்று, அச்சகம் வைத்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்திருந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதம் கட்டுபடியாகவில்லை. அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அத்தானை அங்கே விட்டால் சாப்பாட்டு நேரம் தெரியாது.

ஒரு முற்பகல் முழுவதும் அந்தத் தெருவில் உட்கார்ந்திருந்தேன். புதிய எருசலேமின் சிலுவை வடிவக் கட்டடத்துக்குள் வெளிச்சம் மேலே இருந்து வருகிறது. சீயோனின் சுவர்களில் நினைவுக் கற்கள். கோட்டைமேல் ஏறினால் மீனவர்கள் வலையை உதறுவது தெரிகிறது. கோட்டைக்கு வடக்கே கடல் அரித்து முன்பகுதியை இழந்து நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலத்தது, 1306. டேனிஷ்காரர் இறங்கும்போதே அதற்கு முந்நூறு வயது. கடலும் கோட்டையும் வாயிலும் ஆளுக்கொரு கோயிலும் ஒரு தெருவுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. வேறெங்கும் இதை இப்படி ஒரே நடையில் பார்த்ததில்லை. ஓசோன் மிகுந்த கடற்கரை என்று யாராவது சொல்வார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், காற்று நன்றாக இருக்கும், அவ்வளவு போதும்.

தரங்கம்பாடியின் குறை, இரண்டும் லுத்தரன் வழியில் தொடங்கிய புரட்டஸ்தாந்து ஆலயங்கள் என்பதிலிருந்து வருகிறது. கத்தோலிக்கக் கோயில்போல நாள் முழுவதும் திறந்து கிடக்கும் என்று நினைத்துப் போகக் கூடாது. ஞாயிறு காலை ஆராதனை நேரம் பாதுகாப்பானது. மற்ற நாட்களில் பக்கத்தில் யாரையாவது விசாரிக்க வேண்டும். இந்தக் கடற்கரையில் வேறு ஓர் ஊரில், ஊர்ப் பெயர் வேண்டாம், சாவி வைத்திருந்தவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஒன்றரை மணி நேரம் வாசற்படியில் காத்திருந்து, சாவித் துவாரம் வழியாகப் பீடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். இன்னொன்று, தங்கவும் சாப்பிடவும் தரங்கம்பாடியில் வசதி குறைவு. காரைக்கால் பதினைந்து கிலோமீட்டர்தான். இரவுக்கு அங்கே போய்விடலாம்.

மெழுகுவத்தி ஏற்ற அக்காவுக்கு இடம்? நாகப்பட்டினத்தைத் தாண்டினால் வேளாங்கண்ணி. பழைய கட்டடம் பார்க்க அங்கே போக வேண்டியதில்லை. ஆனால் செப்டம்பர் 8 திருவிழா முடிந்துவிட்டால் கூட்டம் வடிந்துவிடும், காலாண்டு விடுமுறையில் மூச்சு விட்டு நிற்கலாம்.

முத்துக்குளித்துறை: பழமை குறையாமல் உயிரோடு இருப்பது

மூன்றாவது வழி தெற்கே. 1530களில் தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளித்தும் மீன்பிடித்தும் வாழ்ந்த பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்கரானார்கள். 1542இல் யேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தார். தரங்கம்பாடியில் சீகன்பால்கு இறங்குவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னால் நடந்த கதை. தமிழ் அச்சின் கதையும் இங்கேதான் முந்தியது. அதே சபையைச் சேர்ந்த போர்த்துக்கீசியக் குரு அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் என்ற சிறு மறைநூல் 1578இல் கொல்லத்தில் அச்சாகிவிட்டது. அவர் உழைத்ததும் இறந்ததும் இந்தக் கரையில்.

தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தில் உள்ள சுரூபம் மணிலாவிலிருந்து 1555இல் வந்ததாக வரலாறு. இப்போதைய கோயில் 1713. உப்பளமும் அனல்காற்றும் உள்ள ஊரில் மாதாவுக்குப் பனிமயம் என்று பெயர். ரோமில் கோடையில் பனி பெய்த பழைய ஐதீகத்திலிருந்து வந்தது அது. அந்த 1713ஐச் சற்று நின்று கவனிக்க வேண்டும். 1658இலேயே டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்துவிட்டார்கள். அவர்கள் கத்தோலிக்கத்தை ஆகாதவர்கள். குருக்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. மக்கள் மாறவில்லை. கடைசியில் டச்சுக் கொடி பறக்கும் காலத்திலேயே இவ்வளவு பெரிய மாதா கோயில் எழுந்தது. ஏழுகடல்துறை ஏக அடைக்கலத் தாய் என்று பாடுகிறவர்கள் சும்மா பாடவில்லை. ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. தங்கத்தேர் எல்லா வருடமும் ஓடாது. கடைசியாக 2013இலும் 2023இலும் ஓடியது. தேர் இல்லாத நாளில் போனாலும் மக்ரூன் கிடைக்கும்.

மணப்பாடு வேறு மாதிரி. திருச்செந்தூருக்குத் தெற்கே பதினெட்டு கிலோமீட்டர். கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணற்குன்றின் மேல் 1581ஆம் ஆண்டுத் திருச்சிலுவை ஆலயம். புயலில் சிக்கிக் கரை சேர்ந்த போர்த்துக்கீசியக் கப்பலின் பாய்மரத்தில் செய்த சிலுவையை 1540இல் குன்றில் நட்டார்கள் என்பது ஊர்க்கதை. அதற்குக் கீழே, கடலைப் பார்த்தபடி, சவேரியார் தங்கிச் செபித்த குகை. குகையை ஒட்டிய கிணற்றில் தண்ணீர் மொண்டு குடித்தேன். மூன்று பக்கமும் உப்புக் கடல், கைக்குழியில் இருந்தது உப்புக் கரிக்காத தண்ணீர். என்னோடு வரிசையில் நின்ற பாட்டி ஒருவர் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் அதைப் பிடித்து, மூடியை முந்தானையால் துடைத்து, மகனுக்கு ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். குகையின் வரலாற்றை அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவருக்கும் அது தேவைப்படவில்லை.

ஊருக்குள் இறங்கினால் உயரமான பழைய வீடுகள், திண்ணைகளில் பனையோலைப் பெட்டி முடைகிற பெண்கள், ஓடையின் முகத்துவாரத்தில் படகுகள். மாலை மணி அடித்தால் ஊர் அப்படியே கோயிலை நோக்கித் திரும்புகிறது. அக்காவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தால் நாமும் கழற்றிவிட வேண்டும். வேளாங்கண்ணிவரை இது வழக்கம், சென்னை ஆங்கிலிக்கன் கோயில்களில் அப்படி இல்லை.

இன்னும் ஒரு நாள் இருந்தால் உள்ளே தள்ளி வடக்கன்குளம் போகலாம். 1870களில் எழுந்த அந்தக் கோயில் ஒரே பீடத்திலிருந்து இரண்டு கால்களாகப் பிரிகிறது. ஒரு சாதியார் ஒரு காலில், மற்றவர் மறு காலில், நடுவே சுவர். காற்சட்டைக் கோயில் என்று கேலியாகச் சொல்வார்கள். 1910இல் சுவரை இடித்தார்கள், கட்டடத்தின் வடிவம் அப்படியே இருக்கிறது. இதே ஊரில்தான் 1745இல் தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்றார், 2022இல் அவர் புனிதரானார். கட்டடக்கலை படிக்கிற பெண்ணுக்கு ஒரு வரைபடம் எப்படிச் சாதியை எழுதி வைக்கும் என்று காட்ட இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது. அழகான கோயில்களை மட்டும் பார்த்துவிட்டு வருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அக்காவுக்குச் சொன்னது

மனசுக்குள் மணப்பாடுதான் முதலில் வந்தது. ஊர் உயிரோடு இருக்கிறது, கடல் இருக்கிறது, கோயில் எதற்காக நிற்கிறதோ அதற்காகவே நிற்கிறது. ஆனால் காலாண்டு விடுமுறை என்று அக்கா சொன்னதை நினைத்துப் பார்த்தேன். பெரும்பாலான வருடங்களில் அது நவராத்திரியை ஒட்டி வரும். மணப்பாட்டுக்குச் சற்று வடக்கே இருக்கிறது குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேடம் கட்டிக்கொண்டு லட்சக்கணக்கான பேர் வருகிற நாட்கள் அவை. திருச்செந்தூரில் அறை கிடைக்காது, மணப்பாட்டில் தங்குவதற்கு அதிகம் இல்லை, சாலையில் காளியும் குறத்தியும் போலீஸ் வேடமும் மேளத்தோடு போய்க்கொண்டிருப்பார்கள். அதைப் பார்க்கத் தனியாக ஒரு தடவை போகலாம். மூட்டுவலிக்காரரைக் கூட்டிக்கொண்டு அந்த வாரத்தில் குன்று ஏறப் போகக் கூடாது. நவம்பர், டிசம்பரையும் பரிந்துரைக்க மாட்டேன். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் மழையில் மூழ்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

அதனால் இந்த முறைக்குத் தரங்கம்பாடி என்று சொல்லிவிட்டேன். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் போய்விடலாம். சனிக்கிழமை ஜன் சதாப்தி, மாலையில் கோட்டை. ஞாயிறு காலை ஆராதனைக்குப் புதிய எருசலேம், அது முடிந்ததும் சீயோன், பிற்பகலில் அத்தானுக்கு அருங்காட்சியகம், மகளுக்குத் தெருவில் ஒரு நிழல். திங்கட்கிழமை விடியற்காலையில் வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு மயிலாடுதுறையில் மதிய ரயில். படிக்கட்டு என்று எங்கும் பெரிதாக இல்லை. புதுச்சேரியைச் சேர்த்துக்கொள்ள நினைத்தால் இன்னொரு நாள் வேண்டும், சேர்க்க வேண்டாம் என்றேன்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அப்படியானால் மணப்பாடு எப்போது என்றாள். பொங்கலுக்குப் பிறகு ஒரு வார இறுதி, காற்று அடங்கியிருக்கும், தூத்துக்குடியில் நானே வந்து காத்திருக்கிறேன் என்றேன். அத்தான் போனை வாங்கி, அந்த 1652ஆம் ஆண்டுக் கல் கோட்டைக்குள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார்.